இன்டர்பிரிட்டருக்குள் பட்டியல் வீடு மாறினால்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. சிங்கப்பூர்த் தெக்கா உணவங்காடி நிலையத்தில் மேசை கிடைத்து உட்காரவே இருபது நிமிடம் ஆயிற்று. உட்கார்ந்த கையோடு தம்பி மடிக்கணினியைத் திறந்துவிட்டான். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கிறான். சி மொழியில் சொந்தமாக ஒரு சின்ன ஸ்கிரிப்டிங் மொழி எழுதிக்கொண்டிருக்கிறான், அதாவது அந்த மொழியின் நிரலை வாசித்து ஓட்டும் இன்டர்பிரிட்டரை.

"அண்ணே, பட்டியலை லிங்க்டு லிஸ்ட்லேர்ந்து அர்ரேக்கு மாத்தினேன். நல்ல வேகம். ஆனா சில நேரம் புரோகிராம் பாதியிலேயே விழுந்திடுது. எப்ப விழும்னே சொல்ல முடியல."

அவன் மாற்றியதற்குக் காரணம் நியாயமானது. பழைய லிங்க்டு லிஸ்ட் அமைப்பில் ஒவ்வோர் உறுப்பும் தனித்தனியாக மெமரியில் கிடக்கும், அடுத்தது இருக்கும் மெமரி முகவரியை, அதாவது ஒரு பாயின்டரை, வைத்திருக்கும். 100,000 உறுப்புகள் கொண்ட பட்டியலை 0, 1, 2 என்று எண் சொல்லி எடுக்கும் ஒரு லூப்பை அவன் ஓட்டிப் பார்த்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் தலையிலிருந்து நடக்க வேண்டும் என்பதால் மொத்தம் கிட்டத்தட்ட 5 பில்லியன் அடி. உறுப்புகள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருக்கும் அர்ரேயில் அதே வேலைக்கு 100,000 அடி போதும். வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம் அது, அவன் செய்தது சரிதான்.

ஆனாலும் விழுந்தது. எங்கே விழுந்தது என்று தேட எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. அவன் மொழியின் ஃபார் லூப், "இப்போது நான் நிற்கும் உறுப்பு இது" என்று ஒரு பாயின்டரைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறது. லூப்பின் உடலுக்குள் யாராவது அதே பட்டியலில் ஒரு உறுப்பைச் சேர்த்தால், இடம் போதாமல் அர்ரே, பெரிய இடம் கேட்டு சி-யின் ரீஅலாக் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. ரீஅலாக் சில நேரம் அதே இடத்திலேயே நீட்டிக் கொடுக்கும். சில நேரம் வேறு பெரிய இடம் பார்த்து எல்லாவற்றையும் அங்கே நகல் எடுத்து வைத்துவிட்டுப் பழைய இடத்தை விடுவித்துவிடும். லூப்பின் கையில் இருப்பதோ பழைய இடத்தின் முகவரி. 4, 8, 16 என்று அர்ரே நிறையும் தருணத்தில் மட்டும், அதிலும் அக்கம்பக்கத்து மெமரி வேறொன்றால் நிரம்பியிருந்தால் மட்டும், இது நடக்கும். 'சில நேரம்' என்று அவன் சொன்னதன் பொருள் இதுதான்.

தங்லின் ஹால்ட் வட்டாரத்தை நினைத்துக்கொள் என்றேன் அவனிடம். 2014-ல் அங்கே 31 புளோக்குகள், 3,480 வீடுகள், பழைய புளோக்குகளை இடிக்கும் ஒட்டுமொத்த மறுமேம்பாட்டுத் திட்டத்தில் வந்தன. குடியிருந்தவர்களுக்கு டாசன் பக்கம் மாற்று வீடு. ஆட்கள் அதே ஆட்கள், குடும்பம் அதே குடும்பம், சாமான்கூட அதேதான். முகவரி மட்டும் மாறிவிட்டது. வங்கிக்கும் கிளினிக்கும் ஈப்போவில் இருக்கும் அத்தைக்கும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்ட ஒருவர் பழைய கதவைத் தேடிப் போனால் அங்கே வேறு யாரோ இருப்பார்கள், அல்லது கட்டடமே இருக்காது. அர்ரே என்பது புளோக் மாதிரி. எண் சொன்னால் நேரே அந்த வீட்டுக்குப் போய்விடலாம், ஆனால் இடம் போதாவிட்டால் மொத்தப் புளோக்கும் குடிபெயர வேண்டும். லிங்க்டு லிஸ்டில் ஒவ்வொருவரும் தீவில் ஆங்காங்கே தனி வீட்டில் இருக்கிறார்கள். 50,000-ஆவது ஆளைப் பார்க்க 49,999 கதவைத் தட்ட வேண்டும். அதற்குப் பதிலாக, புதிதாக ஒருவர் வந்தால் யாரும் வீடு மாற வேண்டியதில்லை.

அப்படியானால் அவனுடைய பழைய லிங்க்டு லிஸ்ட் எங்கேயும் எழுதி வைக்காத ஒரு வாக்குறுதியைக் கொடுத்துக்கொண்டிருந்தது: உறுப்பு உயிரோடு இருக்கும்வரை அதன் முகவரி மாறாது. ஃபார் லூப், அச்சிடும் ஃபங்ஷன், ஒப்பிடும் ஃபங்ஷன் எல்லாமே அந்த வாக்குறுதியின்மேல்தான் உட்கார்ந்திருந்தன. அவன் தரவு அமைப்பை மாற்றியபோது வாக்குறுதியும் போய்விட்டது, அது யாருக்கும் தெரியவில்லை. ரீஃபேக்டரிங் என்றால் வெளியே தெரியும் நடத்தை மாறாமல் உள்ளே மாற்றிக் கட்டுவது என்று சொல்கிறோம். சி-யில் எழுதிய இன்டர்பிரிட்டரில் அந்த 'வெளியே' எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலைக்கு மேல். எந்தத் தரவு அமைப்பு வேகமானது என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி.

பெரிய மொழிகளில் இது எப்படி நடந்திருக்கிறது என்று பார்த்தால் நன்றாகவே புரியும். நான் அதிகம் வாசித்தது விம் என்ற உரை எடிட்டரின் மூல நிரல். பிராம் மூலெனார் தொடங்கி வளர்த்த அந்த எடிட்டரின் ஸ்கிரிப்ட் மொழிக்குப் பட்டியலும் அகராதியும் (பெயர் சொல்லி மதிப்பை எடுக்கும் அமைப்பு) 2006 மே மாதம் வந்த 7.0 பதிப்பில்தான் கிடைத்தன. பட்டியல் இரட்டை இணைப்பு லிங்க்டு லிஸ்ட். ஒவ்வோர் உறுப்பிலும் முந்தையதுக்கு ஒரு பாயின்டர், அடுத்ததுக்கு ஒரு பாயின்டர், அப்புறம் மதிப்பு. 64 பிட் கணினியில் 8, 8, 16 என்று மொத்தம் 32 பைட். மெமரி ஒதுக்கும் நிரல் தன் கணக்குக்கு எடுத்துக்கொள்வது தனி.

எண் சொல்லி எடுப்பது மெதுவாகுமே என்றால், அதற்கு விம் ஒரு அழகான வேலை செய்கிறது. கடைசியாக எந்த எண்ணைத் தேடினோம், அது எந்த உறுப்பு என்று பட்டியலின் தலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை தேடும்போது தொடக்கம், முடிவு, இந்தக் குறிப்பு ஆகிய மூன்றில் எது பக்கமோ அங்கிருந்து நடக்கும். 0, 1, 2 என்று வரிசையாக எடுக்கும் லூப் இதனால் ஒவ்வொரு முறையும் ஓர் அடிதான் வைக்கும். தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. அவனுடைய 5 பில்லியன் அடியை இந்தச் சின்னக் குறிப்பே தீர்த்திருக்கும், அர்ரேயே தேவைப்பட்டிருக்காது. ஆனால் இதற்கும் ஒரு கடமை உண்டு. பட்டியலிலிருந்து எதையாவது பிய்த்தெடுக்கும் ஒவ்வோர் இடத்திலும் அந்தக் குறிப்பை அழிக்க வேண்டும். ஓர் இடத்தில் மறந்தால், இல்லாத உறுப்புக்கு வழி காட்டும் குறிப்பு தங்கிவிடும்.

ஃபார் லூப் பிரச்சினையையும் விம் நேரடியாகவே கையாள்கிறது. லூப் தொடங்கும்போது தன்னை ஒரு காவலாளியாகப் பட்டியலில் பதிந்துகொள்கிறது. யாராவது ஓர் உறுப்பை நீக்கினால், நீக்கும் ஃபங்ஷன் முதலில் காவலாளிகளை எல்லாம் பார்த்து, "நீ நிற்கும் உறுப்பு போகப்போகிறது, அடுத்ததுக்கு நகர்ந்துகொள்" என்று அவர்கள் பாயின்டரைத் தள்ளி வைக்கிறது. முகவரி மாறும்போது சொல்ல வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியலைப் பட்டியலே வைத்திருப்பது மாதிரி. இந்தச் சில வரி நிரலை முதல் தடவை வாசித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. பிரச்சினையை யாரோ உட்கார்ந்து முழுதாக யோசித்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

இந்த நிரல் முதலில் மொழியின் மற்ற பாகங்களோடு ஒரே பெரிய கோப்பில் கிடந்தது. 2016-ல், 8.0 பதிப்பு வருவதற்கு முன், அந்தக் கோப்பு மிகப் பெரிதாகிவிட்டது என்ற காரணத்துக்காகப் பட்டியலுக்கு ஒரு கோப்பு, அகராதிக்கு ஒரு கோப்பு என்று பிரித்தார்கள். வெறும் இடமாற்றம்தான், தர்க்கம் மாறவில்லை. பலர் இதை வேலையாகவே மதிக்க மாட்டார்கள். நான் மதிக்கிறேன். ஒரு கோப்புக்குள் எது உள்ளே, எது வெளியே என்ற எல்லை சி-யில் கோப்பை வைத்துத்தான் உருவாகிறது. ஸ்டாட்டிக் என்று அறிவித்த ஃபங்ஷன் அந்தக் கோப்பைத் தாண்டாது. பிரித்த பிறகுதான் பட்டியலின் எந்த ஃபங்ஷனை வெளியில் இருப்பவர்கள் கூப்பிடுகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். பின்னால் 8.2 தொடரில், மேப் (ஒவ்வோர் உறுப்பையும் மாற்றுவது), ரெட்யூஸ் (எல்லாவற்றையும் ஒரே மதிப்பாகச் சுருக்குவது) போன்றவற்றைச் செய்யும் நீளமான ஃபங்ஷன்களை, பட்டியலுக்கு ஒன்று, அகராதிக்கு ஒன்று, எழுத்துச் சரத்துக்கு ஒன்று என்று வகைக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். அதுவும் அதே பாதையில் அடுத்த அடி.

ஆனால் விம்மிலேயே இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். ரேஞ்ச் என்று 0 முதல் 99,999 வரை கேட்டால், முன்பு 100,000 உறுப்புகளை உட்கார்ந்து உருவாக்கும். லூப் ஒன்றுக்காக இத்தனை ஒதுக்கீடு வீண். அதனால் தொடக்கம், முடிவு, படி என்ற மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். முதல் உறுப்பைக் காட்ட வேண்டிய பாயின்டர் அப்போது ஒரு பொம்மை உறுப்பைக் காட்டும். 'இந்தப் பட்டியல் இன்னும் உருவாகவில்லை' என்பதற்கு அதுதான் அடையாளம். உறுப்புகளைத் தொட வேண்டிய ஃபங்ஷன் முதலில் ஒரு மேக்ரோவை (கம்பைல் ஆகும் முன் நிரலாக விரியும் சுருக்கப் பெயர்) கூப்பிட்டு, தேவையானால் பட்டியலை நிஜமாக உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

லூப்புக்கு நல்ல லாபம், சந்தேகமில்லை. விலை என்ன? அந்த மேக்ரோ பட்டியலைத் தொடும் ஃபங்ஷன்களின் தலையில் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. காரணம் எளிது. உறுப்புகளை வரிசையாகப் பார்க்க உதவும் மேக்ரோ, முதல் உறுப்பின் பாயின்டரை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. கதவு எல்லாப் பக்கமும் திறந்திருப்பதால் காவலும் எல்லாப் பக்கமும் தேவைப்படுகிறது. புதிதாக ஒரு ஃபங்ஷன் எழுதுபவர் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். 'அடுத்த உறுப்பைக் கொடு' என்ற ஒரே ஃபங்ஷன் வழியாக எல்லோரும் போயிருந்தால் இந்தச் சோதனை ஒரே இடத்தில் முடிந்திருக்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷன் அழைப்பு கூடும் என்பது எதிர்வாதம். அந்த எதிர்வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் நான் ஒற்றைக் கதவையே தேர்ந்தெடுப்பேன்.

பைத்தான் வேறு பாதையில் போனது. அதன் பட்டியல் ஆரம்பத்திலிருந்தே அர்ரே. பாயின்டர்கள் வரிசையாக, ஒன்றுக்கு 8 பைட். பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் வேகமான சின்ன மெமரியான கேஷில் ஒரு வரி 64 பைட் என்றால் எட்டுப் பாயின்டர் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது அர்ரே 4, 8, 16, 24, 32, 40, 52 என்று வளர்கிறது. 3.9-க்கு முன் 4, 8, 16, 25, 35 என்று இருந்தது. இடையில் இதை மாற்றினார்கள், பைத்தான் எழுதும் ஒருவர்கூடத் தன் நிரலில் ஒரு வரி மாற்ற வேண்டியிருக்கவில்லை. தமிழில் நிரல் எழுத உருவான எழில் மொழி பைத்தானில் எழுதப்பட்டது. அதில் பட்டியல் போடும் மாணவருக்கும் இந்த அர்ரேதான் கீழே வேலை செய்கிறது.

மற்ற மொழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெர்ல், பட்டியலின் முன்னாலிருந்து ஒன்றை எடுத்தால் மற்றவற்றை நகர்த்தாமல் தொடக்கப் பாயின்டரை மட்டும் ஒரு படி முன்னே தள்ளும். அதற்காக ஒதுக்கிய இடத்தின் உண்மையான தொடக்கத்தைத் தனியாக நினைவில் வைத்திருக்கும். பிஎச்பி 2015 டிசம்பரில் வந்த 7-ஆம் பதிப்பில் அர்ரேயை அடியோடு மாற்றி எழுதி, ஓர் உறுப்புக்கு 72 பைட் எடுத்ததை 32 ஆக்கியது. 8.2-ல், 0, 1, 2 என்று எண் வரிசையில் உள்ள அர்ரேக்கு அது 16 ஆனது.

பைத்தானில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேகமல்ல, யாருக்கு எது சொந்தம் என்பது. ஒவ்வொரு பொருளுக்கும் அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை உண்டு, பூஜ்யமானால் பொருள் விடுவிக்கப்படும். சி நிரலிலிருந்து ஒரு பட்டியலின் உறுப்பைக் கேட்கும் பழைய ஃபங்ஷன் அந்த எண்ணிக்கையைக் கூட்டாமல் பாயின்டரை மட்டும் கொடுக்கும். அதாவது இரவல். பட்டியலில் வைக்கும் ஃபங்ஷனோ உங்கள் பிடியை எடுத்துத் தனதாக்கிக்கொள்ளும். ஒன்று இரவல் கொடுக்கிறது, மற்றொன்று பறித்துக்கொள்கிறது. இரண்டும் வசதிதான், பழகிவிட்டால் கை தானாக எழுதும். ஆனால் இரவல் வாங்கியதைக் கையில் வைத்திருக்கும்போதே வேறு யாராவது அந்த உறுப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் நம் பாயின்டர் செத்த பாயின்டர். ஒரே நேரத்தில் பல திரெட்கள் (நிரலின் தனித்தனி ஓட்டங்கள்) உண்மையாகவே ஓடும் பைத்தானைக் கட்ட முயன்றபோது இந்த இரவல் பழக்கம் பெரிய தடையாக நின்றது. 2024 அக்டோபரில் வந்த 3.13-ல், எண்ணிக்கையைக் கூட்டிச் சொந்தமாகவே கொடுக்கும் புதிய ஃபங்ஷன் ஒன்றைச் சேர்த்தார்கள். பழையதை நீக்கவில்லை. உலகம் முழுக்க எத்தனை சி நிரல்கள் அதை நம்பி இருக்கின்றன! வெளியே கொடுத்துவிட்ட வாக்குறுதியைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்று இதில் தெரிகிறது.

அப்புறம் தம்பிக்கு நான் காட்டியது பைத்தான் பட்டியலைக் காலி செய்யும் ஃபங்ஷன். சாதாரணமாக யோசித்தால், ஒவ்வோர் உறுப்பாக விடுவித்துவிட்டுக் கடைசியில் நீளத்தைப் பூஜ்யமாக்குவோம். அவனும் அப்படித்தான் எழுதியிருந்தான். பைத்தான் தலைகீழாகச் செய்கிறது. உறுப்புகள் இருக்கும் அர்ரேயின் பாயின்டரை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டு, பட்டியலை முதலில் காலி என்று ஆக்கிவிடும். அதன் பிறகே ஒவ்வொன்றாக விடுவிக்கும். ஏன்? ஓர் உறுப்பின் எண்ணிக்கை பூஜ்யமாகும்போது அதன் இறுதிச் சடங்கு ஃபங்ஷன் ஓடலாம். அது மொழியைப் பயன்படுத்துபவர் எழுதிய நிரல். அந்த நிரல் இதே பட்டியலை எட்டிப் பார்க்கலாம், அதில் எதையாவது சேர்க்கக்கூடச் செய்யலாம். பாதி விடுவித்த நிலையில் பட்டியல் அதன் கண்ணில் படவே கூடாது.

வரிசைப்படுத்துவதிலும் இதே எச்சரிக்கைதான். சார்ட் ஓடும்போது, பட்டியல் வெறுமையானது போல் தற்காலிகமாக ஆக்கி வைக்கப்படுகிறது. ஒப்பிடும் ஃபங்ஷன் உள்ளே புகுந்து எதையாவது சேர்த்தால், முடிவில் பட்டியல் வெறுமையாக இல்லை என்பதைப் பார்த்து, சார்ட் நடக்கும்போது பட்டியல் மாற்றப்பட்டது என்று பிழை சொல்லும். விம் வேறு வழியில், மேப் நடக்கும்வரை பட்டியலைப் பூட்டி வைக்கிறது. வழி எதுவானாலும் இரண்டு இடத்திலும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள்: என் வேலையின் நடுவே பயனரின் நிரல் உள்ளே வந்தால் பட்டியல் எந்த நிலையில் இருக்கும்? ரீஃபேக்டரிங் செய்பவர் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் விரல் வைத்துக் கேட்க வேண்டிய கேள்வி இது. வரிகளை முன்பின்னாக நகர்த்திச் சுத்தம் செய்கிறேன் என்று காலி செய்வதையும் விடுவிப்பதையும் இடம் மாற்றினால், எல்லாச் சோதனையும் தேறும். ஒரு பயனரின் கணினியில் மட்டும் விழும்.

சரி, தம்பியின் நிரலுக்கு என்ன செய்தோம்? முதலில் அவன் அர்ரே மாற்றத்தை அப்படியே ஒதுக்கி வைக்கச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஒரு வார உழைப்பு அது. பழைய லிங்க்டு லிஸ்டுக்கே திரும்பி, பட்டியலின் விவரங்களைச் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரக்டில் 'முதல் உறுப்பு' என்ற புலத்தின் பெயரை மட்டும் மாற்றினோம். கம்பைல் செய்ததும் 47 பிழைகள். அந்த 47-ம் பட்டியலின் வயிற்றுக்குள் நேரடியாகக் கையை விடும் இடங்கள். இதைவிட நேர்மையான கணக்கெடுப்பு எனக்குத் தெரியாது. மனிதக் கண் தேடினால் சிலதை விட்டுவிடும், கம்பைலர் விடாது.

அந்த 47 இடங்களையும் பார்த்தால் உண்மையில் ஐந்தாறு தேவைகள்தான்: நீளம், எண் சொல்லி எடுத்தல், சேர்த்தல், நீக்கல், வரிசையாகப் பார்த்தல், நகல். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன் எழுதி, ஓர் இடத்தை மாற்றி, சோதனை ஓட்டி, மாற்றத்தைப் பதிந்து (கமிட்), அடுத்த இடத்துக்குப் போனான். வரிசையாகப் பார்ப்பதற்கு உறுப்பின் பாயின்டரைக் கையில் கொடுக்காமல் எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும் ஒரு சின்ன ஸ்ட்ரக்ட். புளோக் இடம் மாறினாலும் 'நான் 12-ஆவது உறுப்பில் நிற்கிறேன்' என்பது மாறாது. லிங்க்டு லிஸ்டில் எண்ணை வைத்து நடப்பது மெதுவாகாமல் இருக்க, விம்மின் குறிப்பு உத்தியையே எடுத்துக்கொண்டோம்.

லூப்புக்குள் நீக்கினால் என்ன ஆகும் என்பதை அவனே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பைத்தானில் ஓர் உறுப்பைத் தாண்டிவிடும். விம்மில் காவலாளி பார்த்துக்கொள்வார். அவன் பிழை சொல்வது என்று முடிவெடுத்து, அதை மொழியின் கையேட்டில் எழுதி வைத்தான். எழுதி வைத்ததுதான் எனக்குப் பிடித்தது.

கடைசியாக ஸ்ட்ரக்டின் விவரத்தை, மற்றக் கோப்புகளும் பார்க்கும் தலைப்புக் கோப்பிலிருந்து எடுத்துப் பட்டியலின் சொந்தக் கோப்புக்குள் போட்டான். இனி வெளியிலிருந்து யாரும் உள்ளே கையை விட முடியாது, கம்பைலரே தடுக்கும். இவ்வளவும் முடியும்வரை உள்ளே இருந்தது அதே பழைய லிங்க்டு லிஸ்ட்தான். இதற்கு மூன்று சனிக்கிழமை ஆனது. அதற்கப்புறம் அர்ரேக்கு மாற்றியது ஒரே மாலை வேலை, ஒரே ஒரு கோப்பு.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். ரீஅலாக் தோற்றால் NULL, அதாவது எதையும் காட்டாத வெறும் பாயின்டர், திரும்பும், பழைய இடம் அப்படியே இருக்கும். திரும்பியதை நேராகப் பழைய பாயின்டரிலேயே போட்டுவிட்டால் பழைய இடத்தின் முகவரி கைவிட்டுப் போகும். எனவே தனி மாறியில் வாங்கிச் சோதித்த பிறகே மாற்ற வேண்டும். அடுத்தது, சோதனை ஓட்டம் எல்லாம் அட்ரஸ் சானிடைசர் சேர்த்துக் கட்டிய நிரலில்தான். விடுவித்த மெமரியைத் தொட்ட நொடியிலேயே நிறுத்தி, எங்கே ஒதுக்கியது, எங்கே விடுவித்தது, எங்கே தொட்டது என்று மூன்றையும் அது சொல்லும். 'சில நேரம் விழுகிறது' என்பது 'இந்த வரியில் விழுகிறது' என்று ஆகிவிடும்.

நேற்று அவன் ஒரு செய்தி அனுப்பியிருந்தான். அந்த முதல் நாள் விழுந்த லூப்பை, 100,000 உறுப்பில், உடலுக்குள் சேர்த்துக்கொண்டே ஓட்டிப் பார்த்திருக்கிறான். சானிடைசர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வேறொரு சோதனையில் பிடித்துக் கொடுத்திருக்கிறது. பிழைச் செய்தியில் காட்டுவதற்காகப் பட்டியலை அச்சிடும் ஃபங்ஷன், உறுப்பு ஒன்றின் பாயின்டரை வாங்கி வைத்துக்கொண்டு, அதை எழுத்தாக்கப் பயனரின் நிரலைக் கூப்பிடுகிறது. "அண்ணே, இங்கயும் இரவல்தான். எண்ணிக்கையைக் கூட்டிட்டு, முடிஞ்சதும் குறைச்சிடவா?" என்று கேட்டிருந்தான். ஆமாம் என்று பதில் போட்டேன்.